அத்தைக்கு வந்த கடிதம்: அச்சு வரிசையில் நின்ற தமிழ்

2002-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈப்போ புந்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அத்தை வந்திருந்தார். சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டாகிவிட்டது. லயங்களை இடிக்கப்போகிறார்கள், மாற்று வீடு யார் யாருக்கு என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயம். பசியாறி முடித்ததும் கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“தம்பி, இத கொஞ்சம் பாரேன். பக்கத்து வீட்டுப் புள்ளகிட்ட காட்டுனேன். இங்கிலீசும் இல்ல, மலாயும் இல்லங்குது. நமக்குப் படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சேதான் இப்படி அனுப்புறானுங்களா?”

வாங்கிப் பார்த்தேன். மேலே தலைப்பு மலாயில் ஒழுங்காக இருந்தது. கீழே இருபது வரிகளுக்கு, தலையில் கொம்பும் கூரையும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள், நாணயக் குறிகள், தலைகீழான கேள்விக்குறிகள். நடுவில் ஒரு தேதியும் நேரமும் மட்டும் சுத்தமாகத் தெரிந்தன. அந்தத் தேதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

அது என்ன மொழி என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அது தமிழ்தான். எழுத்துரு மட்டும் கழன்று போயிருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. தலைப்பில் இருந்தது நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர். அந்த அலுவலகத்தின் பிரிண்ட் சர்வரை மூன்று வாரத்துக்கு முன்னால் ‘சரி’ செய்தவன் நான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஒருவர் எழுதுவதற்கும் அது தாளில் வருவதற்கும் நடுவில் யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு அந்த மொழி தெரியுமா? மலாயாத் தமிழின் அச்சு வரலாற்றை நான் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் படித்து வருகிறேன்.

கிராணியின் மேசை

தோட்டத்தில் எழுத்து முதலில் ஆபீசில்தான் இருந்தது. விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு நிற்க வேண்டும். பேர் கூப்பிட, வந்தவர் வராதவர் செக்ரோலில் ஏறும். யாருக்கு எந்த நிரை, யார் எத்தனை ராத்தல் பால், யாருக்கு அரைநாள் என்பதெல்லாம் கிராணியின் கையில். அந்தப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆபீசில் இருந்த தட்டச்சுப் பொறியும் ஆங்கிலம். வேலை செய்தவர்கள் தமிழில் பேசினார்கள். அவர்களைப் பற்றிய காகிதம் தமிழில் இல்லை. கீழே பெருவிரல் ரேகை வைக்கும் இடத்தில்தான் அவர்கள் அந்தக் காகிதத்துக்குள் நுழைந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் சிலவற்றை ஹியூ லோ நட்டது பேராக்கில், கோலகங்சாரில். அச்சுத் தொழில் ரப்பரை நம்பியே வளர்ந்தது. தட்டச்சுப் பொறியில் தாள் சுற்றும் உருளை ரப்பர். 1904-இல் அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்ற அச்சகக்காரர், தாள் சிக்காமல் போனபோது மை ரப்பர் விரிப்பில் பட்டு, அங்கிருந்து அடுத்த தாளில் இன்னும் தெளிவாக விழுவதைக் கவனித்தார். ஆப்செட் அச்சு அப்படித்தான் காகிதத்துக்கு வந்தது. உலகம் முழுக்கப் பத்திரிகை அடித்த இயந்திரங்களின் வயிற்றில் ரப்பர் இருந்தது. அந்த ரப்பருக்கு உளி பிடித்த கைக்குத் தன் மொழியில் ஒரு சம்பளச் சீட்டு கிடைக்கவில்லை.

ஆங்கிலத்தில்தான் இயந்திரம் வரும் என்பதை ஏற்காத ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, 1907-இல் மலாயாவுக்குக் கப்பலேறிய ஆர். முத்தையா. முதலில் ரயில்வேயில் வேலை. பிறகு ஒரு வெள்ளைக்கார வணிக நிறுவனத்தில் எழுத்தர். நாள் முழுக்க ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவருக்குத் தமிழில் ஏன் முடியாது என்று தோன்றியது. தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்து. ஆங்கிலப் பொறியில் இருப்பது நாற்பத்தைந்து விசைகளை ஒட்டி. மேலும் கீழுமாகத் தொண்ணூறு இடம். முத்தையா கண்ட வழி, நகரா விசை. சாதாரண விசையைத் தட்டினால் உருளை ஓர் எழுத்து நகரும். நகரா விசையைத் தட்டினால் குறி மட்டும் விழும், உருளை அப்படியே நிற்கும். முதலில் புள்ளி, பிறகு அதே இடத்தில் ‘க’ என்று தட்டினால் ‘க்’ கிடைத்துவிடும். அவருடைய வடிவமைப்பில் ஜெர்மனியில் செய்யப்பட்ட பொறிகள் தமிழர்களின் மேசைக்கு வந்தன.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது சின்ன மாற்றம். ஓர் இயந்திரம் எப்போது நகர வேண்டும், எப்போது நகரக் கூடாது என்பதை மாற்றினார், அவ்வளவுதான். ஆனால் அதை மாற்றத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். புள்ளி தனியாக நிற்காது, அது எழுத்தின் தலைமேல் உட்காரும் என்பது தெரிந்த ஒருவர்தான் அந்த விசையைக் கற்பனை செய்திருக்க முடியும்.

படிக்கத் தெரிந்த நடு ஆள்

மலாயாவில் தமிழ் இதழ்கள் நாம் நினைப்பதைவிடப் பழையவை. 1875-இல் சிங்கப்பூரில் ‘சிங்கை வர்த்தமானி’. 1924 செப்டம்பரில் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்காரின் ‘தமிழ் நேசன்’. 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’. 1950-இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். சிறிது காலத்தில் தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளி நோட்டுப் புத்தகத்தில் கதை எழுதித் தபாலில் போட்ட காலம் அது.

அந்தக் கையெழுத்துக்கும் அச்சுக்கும் நடுவில் இருந்தவர் அச்சுக் கோப்பவர். ஈய எழுத்துகள் நிறைந்த அறைப்பெட்டி முன்னால் நின்று, ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பார். தமிழுக்கு அறைகள் அதிகம். ‘கு’, ‘கூ’, ‘டு’, ‘டூ’ எல்லாம் தனித்தனி வார்ப்பு. மெதுவான வேலை. சம்பளமும் குறைவு. ஆனால் அவர் படிப்பார். பையன் ‘ழ’ போட வேண்டிய இடத்தில் ‘ள’ போட்டிருந்தால் கை தானாகச் சரியான அறைக்குப் போகும். வரி புரியாவிட்டால் ஆசிரியர் மேசைக்குப் போய்க் கேட்பார். எழுதியவருக்கும் வாசகருக்கும் நடுவில், மொழி தெரிந்த ஒரு மனிதர்.

தோட்டங்களுக்குப் பத்திரிகை அச்சகம் எட்டாத தூரம். அங்கே வேலை செய்தது ஸ்டென்சில். லண்டனில் டேவிட் கெஸ்டெட்னர் 1881-இல் காப்புரிமை பெற்ற சைக்ளோஸ்டைல் முறையின் வாரிசு. மெழுகுத் தாளில் கீறி, மை உருளையில் மாட்டிச் சுற்றினால் பிரதிகள் விழும். ஆங்கிலம் என்றால் தட்டச்சுப் பொறியில் நாடாவை விலக்கிவிட்டு மெழுகில் அடிப்பார்கள். தமிழ்த் தட்டச்சு இல்லாத இடத்தில் இரும்பு முனைப் பேனாவால் கையால் கீறுவார்கள். அப்பா சின்ன வயதில் தோட்டத்துப் பள்ளியில் வாத்தியாருக்கு அதைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். “அழுத்திக் கீறினா தாள் கிழிஞ்சிடும், மெதுவா கீறினா எழுத்து விழாது. வாத்தியாரு மூச்ச புடிச்சிக்கிட்டு எழுதுவாரு” என்பார். கோயில் திருவிழா அறிவிப்பு, சங்கக் கூட்ட அழைப்பு, பரீட்சைத் தாள் எல்லாம் அப்படித்தான் வந்தன. இங்கே எழுதியவரும் நடு ஆளும் ஒருவரே.

1957-க்குப் பின் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதையும், அதற்கு எதிராகச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதையும் பள்ளியில் படித்திருப்போம். வீடும் வேலையும் கைமாறும் காலத்தில் ஒரு குடும்பத்துக்குத் தேவைப்படுவது காகிதம். எந்தக் கூட்டம், எந்தத் தேதி, என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்லும் ஒரு தாள். அதைப் படித்துச் சொல்ல வாத்தியாரோ கிராணியோ சங்கத்துக்காரரோ பக்கத்தில் இருந்தவரை சமாளித்தார்கள். தோட்டம் கலைந்தபோது அந்த ஆட்களும் கலைந்தார்கள்.

வரிசை என்ற கண்டுபிடிப்பு

இனி கொஞ்ச நேரம் பேராக்கை விட்டு வெளியே போக வேண்டும். அத்தையின் கடிதத்தைக் கெடுத்த இயந்திரத்தின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது.

1959-இல் ஐ.பி.எம். நிறுவனம் 1401 என்ற கணினியையும், அதோடு 1403 என்ற அச்சுப்பொறியையும் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 600 வரி. அன்றைக்கு அது அசுர வேகம். ஆனாலும் கணினிக்கு அது ஆமை. கணினி ஒரு வரியைத் தயார் செய்துவிட்டு, அச்சுப்பொறி அடித்து முடிக்கும்வரை கைகட்டி நிற்க வேண்டும். கணினி நேரம் பொன் விலை விற்ற காலத்தில் இது தாங்காத நஷ்டம். அதனால் ஒரு யோசனை வந்தது. அச்சிட வேண்டியதை நேராக அச்சுப்பொறிக்கு அனுப்பாமல் முதலில் ஒரு நாடாவிலோ தட்டிலோ எழுதி வை. கணினி அடுத்த வேலைக்குப் போகட்டும். அச்சுப்பொறி தனக்கு முடிந்தபோது அதை எடுத்து அடிக்கட்டும். இதற்கு ‘ஸ்பூலிங்’ என்று பெயர். 1960-களில் ஹூஸ்டனில் நாசாவின் விண்வெளி மையத்தில் பிறந்த ‘ஹாஸ்ப்’ என்ற மென்பொருளின் முழுப்பெயரிலேயே ஸ்பூலிங்கும் முன்னுரிமையும் இருக்கின்றன. எது முதலில், எது பிறகு என்று தீர்மானிக்கும் கிராணி வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

இந்த ஏற்பாடு பிறகு எல்லா அலுவலகத்துக்கும் வந்தது. இன்றைக்கும் ஒரு விண்டோஸ் சர்வரில் பிரிண்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் அந்த வரலாறு முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும். கடைசிப் பக்கம் வந்து சேர்ந்த பிறகுதான் அச்சிடத் தொடங்கலாமா, முதல் பக்கம் வந்ததுமே தொடங்கலாமா? முதலாவதைத் தேர்ந்தால் ஒருவரின் ஆவணம் பாதியில் நின்று மற்றவர்களை மறிக்காது. இரண்டாவதில் வேகம் கிடைக்கும். வரிசையே வேண்டாம், நேராக அச்சுப்பொறிக்கு அனுப்பு என்றும் சொல்லலாம். அப்போது அடித்து முடியும்வரை அனுப்பியவரின் மென்பொருள் காத்திருக்கும். 1 முதல் 99 வரை முன்னுரிமை எண் உண்டு. ஒரே பிரிண்டருக்கு இரண்டு பெயர் வைத்து, மேலாளரின் பெயருக்கு 99-ம் மற்றவர்களுக்கு 1-ம் கொடுத்தால், மேலாளரின் தாள் எப்போதும் முன்னால் போகும். தாளின் அளவு பொருந்தாத ஆவணத்தை நிறுத்தி வைக்கலாம். அச்சிட்ட பிறகும் ஆவணத்தை அழிக்காமல் வைத்திருக்கலாம்.

வரிசையில் நிற்பது என்ன வடிவில் நிற்கிறது என்பதும் ஒரு தேர்வு. ‘ரா’ என்றால் அச்சுப்பொறிக்கு நேராகப் புரியும் மொழியில் முழுவதும் சமைத்த உணவு. ‘இ.எம்.எஃப்.’ என்றால் சமையல் குறிப்பு. இந்த இடத்தில் இந்த எழுத்துருவில் இந்த எழுத்தைப் போடு என்ற கட்டளைகளின் பட்டியல். அதைப் பிறகு சமைத்துக்கொள்ளலாம். ‘டெக்ஸ்ட்’ என்றால் வெறும் எழுத்துக் குறியீடுகள்; எழுத்துரு என்ற பேச்சே இல்லை, அச்சுப்பொறி தன்னிடம் இருப்பதை வைத்து அடிக்கும்.

இதில் எந்தக் கட்டமும் மொழி பற்றிக் கேட்பதில்லை. அச்சுக் கோப்பவரின் இடத்துக்கு வந்த இந்த நடு ஆளுக்கு எந்த மொழியையும் படிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆங்கிலக்காரர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அவர்களின் எழுத்து எல்லா அச்சுப்பொறிக்குள்ளும் பிறக்கும்போதே இருந்தது.

1985-ம் அதற்குப் பிறகும்

தமிழ் எழுத்து அச்சுப்பொறிக்குள் பிறக்கவில்லை. வெளியிலிருந்து ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் நடைமுறைப்படுத்தியதன் தொடர்ச்சி. ‘லை’, ‘னை’, ‘றா’, ‘னா’ போன்றவற்றின் பழைய தனி வடிவங்கள் போய், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் குறிகள் வந்தன. சிங்கப்பூரும் மலேசியாவும் பிறகு அதை ஏற்றன. அச்சுக் கோப்பவரின் அறைகளைக் குறைத்த அந்த மாற்றம், அடுத்து வந்த கணினிக்கும் பாதையைக் கொஞ்சம் அகலமாக்கியது.

1985 முக்கியமான வருடம். ஆப்பிள் நிறுவனம் லேசர்ரைட்டர் என்ற அச்சுப்பொறியை அந்த வருடம் வெளியிட்டது. அதற்குள் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி இருந்தது. எந்த எழுத்தின் வளைவையும் கணக்காகச் சொன்னால் அது வரைந்துவிடும். அதே 1985-இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்ற தன் வழியில் இயங்கினார். தமிழ்க் கணிமையின் முதல் அத்தியாயங்களில் பெரும்பகுதியை எழுதியது நம் பக்கத்து ஆட்கள் என்பதை இளைய வாசகர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆனால் அன்றைய ஏற்பாட்டில் ஓர் ஒட்டுவேலை இருந்தது. கணினியில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், அதாவது 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்கு. மீதி 128-இல் பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகள் உட்கார்ந்திருந்தன. அந்த நாற்காலிகளில் தமிழை உட்கார வைத்தார்கள். கணினிக்கு அது இன்னும் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துதான். எழுத்துரு மட்டும் அதற்குத் தமிழ் முகம் போட்டது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிசையில் உட்கார வைத்ததால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறக்க முடியவில்லை. அதைத் தீர்க்கத்தான் டிஸ்கி என்ற குறியீடு மின்னஞ்சல் விவாதங்களில் உருவானது. 1999-இல் சென்னை மாநாட்டை ஒட்டி டாம், டாப் வந்தன. 2000-இல் உத்தமம் அமைப்பு தொடங்கியது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

யுனிகோடில் தமிழுக்குச் சொந்த இடம் 1991-லேயே கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000-இல் ‘லதா’ எழுத்துருவும் வந்தது. ஆனாலும் இடம் இருப்பதும் அதில் ஆட்கள் குடியேறுவதும் ஒன்றல்ல. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் தமிழ் ஒழுங்காகத் தெரிய வேண்டுமானால், மொழி அமைப்புக்குள் போய் ‘சிக்கலான எழுத்துகள்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டு, நிறுவல் தட்டைப் போட வேண்டும். அந்தக் கட்டம் காலியாகத்தான் வரும். யார் யாருக்கு டிக் தானாக விழுந்திருக்கிறது, யார் தேடிப்போய்ப் போட வேண்டும் என்பதில் ஒரு முழு அரசியல் இருக்கிறது.

நான் செய்தது

2002-இல் எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு லேசர் பிரிண்டர். உள்நினைவகம் குறைவு. ஒவ்வொரு ஆவணத்தோடும் எழுத்துருவும் சேர்ந்து வரிசையில் போவதால் மெதுவாக அடிக்கும், சில நேரம் திணறி நிற்கும். “என்னப்பா பிரிண்டர் இது” என்று மாடியிலிருந்து கத்துவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். பேர் எடுக்க வேண்டும் என்ற அவசரம்.

போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரின் அமைப்பில் எழுத்துரு மாற்று அட்டவணை என்று ஒன்று உண்டு. இடப்பக்கம் கணினியில் இருக்கும் எழுத்துருக்கள். வலப்பக்கம், அதற்குப் பதில் அச்சுப்பொறிக்குள்ளேயே இருக்கும் எந்த எழுத்துருவைப் போடலாம் என்ற தேர்வு. ஏரியலுக்குப் பதில் ஹெல்வெட்டிகா போட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எழுத்துருவை அனுப்ப வேண்டாம், வேகம் கூடும். நான் அட்டவணையில் மேலிருந்து கீழாக எல்லாவற்றுக்கும் ஹெல்வெட்டிகா போட்டுக்கொண்டே போனேன். நடுவில் ஒரு தமிழ் எழுத்துரு இருந்தது. அதன் பெயர் ஆங்கில எழுத்துகளில் ஒரு சுருக்கம். யாரோ கேட்டார்கள் என்று நானே முன்பு சர்வரில் போட்டதுதான். நின்று பார்க்கவில்லை. அதற்கும் ஹெல்வெட்டிகா.

பிரிண்டர் வேகமாகிவிட்டது. மாடியிலிருந்து ஒரு தேநீர் வந்தது.

மூன்றாவது வாரம், வீட்டு மனை பற்றிய கூட்டத்துக்குத் தோட்டத்து மக்களை அழைக்கும் கடிதம் வெளியில் ஒருவரிடம் தமிழில் தட்டச்சு செய்யப்பட்டு வந்தது. திரையில் அழகான தமிழ். அச்சிட்டவருக்குத் தமிழ் தெரியாது. தாளில் விழுந்ததைப் பார்த்து, தமிழ் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்திருக்கலாம். நூற்றுச் சொச்சம் கடிதங்கள் உறையில் போய்விட்டன. அதில் ஒன்றுதான் அத்தையின் கையில் இருந்தது. முதல் 128 இடங்களில் ஆங்கிலத்தோடு எண்களும் இருப்பதால் தேதி மட்டும் தப்பித்தது.

அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். “தமிழ்தான் அத்தை. நான்தான் கெடுத்துட்டேன்.” அவருக்கு நான் சொன்னது பாதி புரியவில்லை. “நீ எப்படிய்யா கெடுப்ப, நீதான் நம்மாளாச்சே” என்றார். அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை சுமக்கிறேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக அட்டவணையைத் திறந்து அந்த எழுத்துருவுக்கு நேராக ‘மாற்ற வேண்டாம்’ என்று போட்டேன். மேலதிகாரியிடம் சொல்லிக் கடிதங்களை மறுபடி அடித்து அனுப்பினோம். இன்னொரு கூட்டம் வைத்தார்கள். முதல் பட்டியலில் அத்தையின் பெயர் இல்லை. இரண்டாம் பட்டியலில் வந்தது. இடைப்பட்ட பதினொரு மாதம் லயத்தில் தண்ணீர் பாதி நாள் வராது. அதை அவர் ஒருபோதும் குறையாகச் சொன்னதில்லை.

மாற்றும் உரிமை

அச்சு வரிசையிலிருந்து உலகத்துக்கே ஒரு சண்டை கிளம்பியிருக்கிறது. 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஸெராக்ஸ் ஒரு லேசர் அச்சுப்பொறியைக் கொடுத்தது. பழைய பொறியில் தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரைக்குத் தகவல் போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதியதில் அப்படிச் செய்ய மூல நிரலைக் கேட்டார், தர மறுத்தார்கள். 1983-இல் அவர் கட்டற்ற மென்பொருளுக்காக குனூ திட்டத்தை அறிவித்ததற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம். இந்தக் கதையை மாற்றும் உரிமையைப் பற்றிய கதையாகச் சொல்வார்கள். சரிதான். எனக்கு அதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு மாற்றும் உரிமை முழுக்க இருந்தது. நிர்வாகியின் கடவுச்சொல் என் கையில். அதை வைத்துத்தான் கெடுத்தேன். முத்தையாவும் ஓர் இயந்திரத்தின் அமைப்பை மாற்றியவர்தான். அவர் மாற்றும்போது தமிழை நினைத்துக்கொண்டிருந்தார். நான் மாடியிலிருந்து வந்த சத்தத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

2021 ஜூலையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்று பெயர் பெற்ற ஓட்டை வெளியானது. விண்டோஸ் ஸ்பூலர் வழியாக ஒருவர் முழுச் சர்வரையும் கைப்பற்றிவிட முடியும். 2010-இல் ஈரானின் அணு ஆலையைத் தாக்கிய ஸ்டக்ஸ்நெட் நச்சு நிரலும் பரவப் பயன்படுத்திய வழிகளில் ஸ்பூலர் ஒன்று. நாடு முழுமையான நடமாட்டக் கட்டுப்பாட்டில் இருந்த அந்த வாரம், அனுமதிக் கடிதத்தோடு ஆளில்லாத ஈப்போத் தெருக்கள் வழியாக அலுவலகத்துக்குப் போய் ஸ்பூலரை நிறுத்தினேன். வரிசை இல்லை, அச்சு இல்லை. கட்டடமே மூச்சு விடாமல் நின்ற மாதிரி இருந்தது.

திருத்தம் வந்த பிறகு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து மறுபடி அமைத்தேன். இப்போது பெரும்பாலும் அனுப்புபவரின் கணினியே பக்கத்தைச் சமைத்து அனுப்பிவிடுகிறது. எழுத்துகள் யுனிகோடில் இருக்கின்றன. தமிழ் தாளில் உடைவது அபூர்வம். ஆனாலும் நம் அலுவலகங்களில் தமிழ் கடந்து போகும் இடங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருப்பதும் அபூர்வமாகிக்கொண்டு வருகிறது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. இயந்திரங்கள் தமிழைத் தாங்கப் பழகிய அதே வருடங்களில் அதைப் படிக்கும் கண்கள் குறைந்துகொண்டிருந்தன.

நான் வேலை பார்க்கும் இடங்களில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பிரிண்டரில் எதை மாற்றினாலும் கடைசியில் ஒரு சோதனைத் தாள் அடிப்பேன். விண்டோஸ் தரும் ஆங்கிலத் தாளோடு, நானே தயாரித்த ஒரு தாளும். அதில் ‘கூட்டம்’, ‘வீடு’, ‘கொண்டு வாருங்கள்’ என்று சில சொற்கள். கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பேன். பிறகு சத்தமாகப் படிப்பேன். பக்கத்து மேசையில் இருக்கும் மலாய்ப் பெண்ணுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. இப்போது அவரே தாளை எடுத்து வந்து, “அபாங், இது சரியா இருக்கா?” என்று மலாயில் கேட்கிறார்.

அத்தை 2015-இல் தவறினார். இரண்டாம் பட்டியலில் கிடைத்த வீட்டில், சாமி படத்துக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியில் அவருடைய காகிதங்களைத் தேடினோம். அடையாள அட்டை நகல், தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள், வீட்டுச் சாவி வாங்கிய ரசீது. அவற்றுக்கிடையில் நாலாக மடித்த அந்தக் கடிதமும் இருந்தது. திருத்தி அனுப்பிய கடிதத்தை அல்ல, படிக்க முடியாத முதல் கடிதத்தைத்தான் அவர் எடுத்து வைத்திருந்தார். ஏன் என்று கேட்க முடியவில்லை. அது இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.